யார் கொடுத்தது?

இந்த வாரம் ஒரு சின்ன ஏற்பாடு. இதைப் படித்து முடிக்கிறவரைக்கும் நீங்கள்தான் டாக்டர். 'நான் எம்.பி.பி.எஸ். படிக்கலையே' என்று கவலைப்படாதீர்கள். தேவையான பாடத்தை வழியிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் சுலபம். அதற்குப் பிறகு வருவதுதான் கஷ்டம்.

உங்கள் கிளினிக் திருமழிசையில் இருக்கிறது. பூந்தமல்லியைத் தாண்டி திருவள்ளூர் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்தால் போதும். ஒரு பக்கம் ஆழ்வார் பிறந்த ஊர், ஜெகந்நாதப் பெருமாள் கோயில். இன்னொரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை, ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற கூட்டம். 2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டைத் தற்காலிகமாகக் கொண்டுவந்து வைத்தார்களே, அதே திருமழிசைதான்.

ராத்திரி எட்டரை மணி. கடைசி டோக்கன். முப்பது வயது இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு உள்ளே வருகிறார். உட்காருவதற்கு முன்னால் கதவைச் சாத்துகிறார்.

"உடம்பு சூடு சார். யூரின் போறப்ப எரியுது."

"எத்தனை நாளா?"

"மூணு நாளா. மெடிக்கல் ஷாப்ல ரெண்டு மாத்திரை குடுத்தாங்க. இளநீர்கூட குடிச்சுப் பாத்தேன். கேக்கல."

(இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் எந்த ஊர் டாக்டரிடம் சொன்னாலும், "யாரு, போன வாரம் வந்தாரே, அவரா?" என்பார்.)

பரிசோதித்துப் பார்க்கிறீர்கள். சீழ் வருகிறது. வெறும் சூடு இல்லை. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வெள்ளணுக்களுக்குள்ளே ஜோடி ஜோடியாக, அவரைக்கொட்டை மாதிரி இளஞ்சிவப்புப் புள்ளிகள். 1879-ல் ஆல்பர்ட் நைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்டுபிடித்த கிருமி. நோயின் பெயர் கொனோரியா. நம் பாட்டிகள் 'வெட்டை' என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான்.

சிகிச்சை? செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஒன்று. இதே பாதையில் வருகிற கிளமிடியா என்ற இன்னொரு பாக்டீரியா அடிக்கடி கூடவே இருக்கும். அது இல்லை என்று டெஸ்ட்டில் தெரியாதவரைக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, காலை ஒன்று, மாலை ஒன்று, 7 நாள். சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தப் பரிசோதனை. 7 நாள் தாம்பத்தியம் கூடாது. மனைவிக்கும் சிகிச்சை முடியாமல் கூடவே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற அரைகுறை மாத்திரை ஆபத்து. ஒரு காலத்தில் பென்சிலினுக்கே அடங்கிய கிருமி இது. அரைகுறையாக அடித்து அடித்தே, ஒவ்வொரு மருந்தாகத் தப்பிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

இவ்வளவுதான் பாடம். மருத்துவக் கல்லூரிப் பரீட்சையில் இதை எழுதினால் மார்க் கிடைக்கும்.

ஊசி போட்டாயிற்று. நீங்கள் சீட்டு எழுதும்போது அவர் மெதுவாகக் கேட்கிறார்.

"சார்... வீட்ல அவங்களுக்கும் மாத்திரை குடுக்கணும்னு சொன்னீங்கல்ல? குடுங்க, நான் குடுத்துடறேன். சத்து மாத்திரைன்னு சொல்லிக்கறேன். எதுக்குன்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம் சார். குடும்பம் போயிடும்."

இப்போது பேனா உங்கள் கையில் இருக்கிறது. என்ன எழுதுவீர்கள்?

அவசரப்படாதீர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சொல்லாமல் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்கு மருந்தாவது போய்ச் சேரும். சொன்னால் வீட்டில் பூகம்பம். இவர் பயந்துகொண்டு இனி எந்த டாக்டரிடமும் போகாமலே இருந்துவிடலாம். ஒரு நல்ல காரியத்துக்காக ஒரு சின்னப் பொய். தப்பா?

இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், இந்த நோய்களின் பெயர்களைக் கொஞ்சம் பாருங்கள்.

சிபிலிஸுக்குத் தமிழில் 'பறங்கிப்புண்' என்று ஒரு பெயர் உண்டு. பறங்கியர் கொண்டுவந்த புண். பதினாறாம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான 'பாவப்பிரகாசம்' இதை 'பிரங்க ரோகம்' என்கிறது. அதே அர்த்தம். அந்தப் பறங்கியர் என்ன சொன்னார்கள்? இத்தாலிக்காரர்கள் 'பிரெஞ்சு நோய்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'நேப்பிள்ஸ் நோய்' என்றார்கள். ரஷ்யர்களுக்கு அது போலந்து நோய். துருக்கியர்களுக்குக் கிறிஸ்தவர் நோய். உலகத்தில் ஒரு தேசம்கூட 'இது எங்கள் நோய்' என்று சொல்லவில்லை!

சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் கிருமியைப் பார்ப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: யார் கொடுத்தது?

அந்தக் கேள்வியை ஒரு அரசாங்கமே கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டில் சாட்சி இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் பரங்கிமலையிலும் பூந்தமல்லியிலும் ராணுவம் இருந்தது. இந்தியா முழுக்க இப்படிப்பட்ட முகாம்களில் வெள்ளைக்கார சிப்பாய்கள் இந்த நோய்களால் படுத்துக்கொண்டார்கள். 1868-ல் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று வந்தது. பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் பதிவு செய்ய வேண்டும், கட்டாயமாகப் பரிசோதிக்க வேண்டும், நோய் இருந்தால் 'லாக் ஹாஸ்பிட்டல்' என்ற ஆஸ்பத்திரியில் அடைக்க வேண்டும். சரி, அவர்களிடம் போன சிப்பாய்களை? அந்தச் சட்டம் அவர்களைத் தொடவில்லை. நோய் இரண்டு பேர் நடுவில் போய் வருவது. சட்டமோ ஒருவரை மட்டும் பிடித்துப் பூட்டிவைத்தது. 1888-ல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள்.

கிருமிக்கு ஆண் பெண் தெரியாது. கணவன் மனைவி தெரியாது. ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டு இன்னொருவரை விட்டுவிட்டால், அது விட்டவரிடம் சௌகரியமாகக் குடியிருக்கும். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வரும்.

சரி, கிளினிக்குக்குத் திரும்புவோம். கதையை மாற்றிப் பார்க்கலாம். இன்று கணவன் வரவில்லை. மனைவி வருகிறாள். வயது இருபத்து மூன்று. கல்யாணமாகி மூன்று வருஷம். குழந்தை இல்லை. அதற்காகச் சுற்றாத கோயில் இல்லை. கூட மாமியார்.

"வெள்ளைப்படுது டாக்டர்" என்று மாமியார்தான் சொல்கிறார். அந்தப் பெண் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இங்கேதான் இரண்டாவது பாடம். கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டிய பாடம்.

முதலில், வெள்ளைப்படுதல் எல்லாமே நோய் இல்லை. மாதச் சுழற்சியில் கூடிக் குறைகிற இயல்பான கசிவு எல்லாப் பெண்களுக்கும் உண்டு. 'உடம்பு உருகி வெளியே போகுது' என்பதெல்லாம் வீண் பயம்.

இரண்டாவது, நோயாகவே இருந்தாலும் அது தாம்பத்தியத்தில் தொற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அடிக்கடி பார்க்கிற ஒன்று பாக்டீரியல் வஜைனோசிஸ். பெண்ணின் உடம்பில் இயல்பாகவே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் உண்டு. தயிரில் இருக்கிற லாக்டோபேசில்லஸின் சொந்தக்காரர்கள். அவை குறைந்து, வேறு பாக்டீரியாக்கள் பெருகிவிடுகிற நிலை இது. கண்டுபிடிக்க நான்கு அடையாளம். மெல்லிய, சாம்பல் வெள்ளைக் கசிவு. பி.எச். 4.5-க்கு மேல். கசிவில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் மீன் வாடை. மைக்ராஸ்கோப்பில் ஓரமெல்லாம் பாக்டீரியா அப்பிக்கொண்ட செல்கள். நான்கில் மூன்று இருந்தால் போதும். மெட்ரோனிடசோல் 7 நாள் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூன்றாவது, பெண்களுக்குக் கொனோரியாவும் கிளமிடியாவும் வந்தால் பல சமயம் ஒரு அறிகுறியும் இருக்காது. ஆணுக்குக் கண்ணாடித் தகட்டிலேயே தெரிந்துவிடுகிற கொனோரியா, பெண்ணின் கருப்பை வாயில் எடுத்த தகட்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தெரியாமல் போய்விடும். லேபில் மரபணுவைத் தேடுகிற டெஸ்ட் வேண்டும். கிளமிடியா மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில்கூடச் சத்தமில்லாமல் இருக்கும். அப்படி இருந்தே கருக்குழாய்க்கு ஏறி, அழற்சி உண்டாக்கி, குழாயை அடைத்துவிடலாம். 'மூன்று வருஷமாக் குழந்தை இல்லை' என்பதற்குப் பின்னால் சில வீடுகளில் இதுவும் இருக்கிறது. கோயில் கோயிலாகச் சுற்றியது என்னவோ அந்தப் பெண்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அரசாங்க மையங்களில் அறிகுறியை வைத்தே அன்றைக்கே மருந்து கொடுத்து அனுப்பும் முறை ஒன்று உண்டு. சாம்பல், பச்சை, வெள்ளை என்று கலர் கலராக மருந்துப் பெட்டிகள். லேப் இல்லாத இடத்தில், திரும்பி வருவாரா என்று தெரியாத நோயாளிக்கு, அது பெரிய உதவி. ஆணுக்குச் சீழ் வந்தால் கணக்கு அநேகமாகச் சரியாக வரும். ஆனால் பெண்ணுக்கு வெள்ளைப்படுவதை மட்டும் வைத்து 'இது பால்வினை நோய்' என்று சொன்னால், பல தடவை தப்பாகப் போகும். சாதாரண வஜைனோசிஸாக இருக்கும்.

மாமியார் நிற்கிறார். நீங்கள் சீட்டில் ஒரு பெயரை அவசரமாக எழுதுகிறீர்கள். அது தப்பு. அந்தச் சீட்டு வீட்டுக்குப் போகிறது. அங்கே அந்தக் கேள்வி காத்திருக்கிறது. யார் கொடுத்தது?

7 நாள் மாத்திரையில் போகிற நோய்க்கு, அந்தப் பெண்ணின் வாழ்க்கை விலையாகிவிடும்.

இதனால்தான் பெண்கள் வருவதே இல்லை. கட்சிரோலியில் டாக்டர் ராணி பங், 1989-ல் லான்செட் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார். மகாராஷ்டிராவின் இரண்டு கிராமங்கள், 650 பெண்கள். 92 சதவீதம் பேருக்குப் பெண்மை சார்ந்த ஏதோ ஒரு நோய். அதற்கு முன் அதற்காகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெறும் 8 சதவீதம். 'அது மகாராஷ்டிரா' என்று சொல்லாதீர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தமிழ்நாட்டு இளம் மனைவிகளிடம் நடத்திய ஆய்வு 2005-ல் வெளியானது. பாதிக்கு மேற்பட்டவர்கள் தொந்தரவு இருக்கிறது என்றார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சிகிச்சைக்கே போகவில்லை. ஏன்? பக்கத்தில் பெண் டாக்டர் இல்லை. மறைவாகப் பேச இடம் இல்லை. தூரம். செலவு. கடைசியாக ஒன்று: 'இது எல்லாருக்கும் வர்றதுதானே!'

சரி. இப்போது அந்த முதல் ஆளுக்குப் பதில் சொல்லலாம். சத்து மாத்திரை என்று எழுதலாமா?

கூடாது என்பது என் கட்சி. மூன்று காரணம்.

ஒன்று, அது அவளுடைய உடம்பு. தன் உடம்புக்குள் போகிற மருந்து எதற்கு என்று தெரிந்துகொள்ள அவளுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவள் கர்ப்பமாக இருந்தால்? டாக்ஸிசைக்ளின் கொடுக்கவே கூடாது. அவளுக்கு ஏதாவது மருந்து அலர்ஜி என்றால்? 'சத்து மாத்திரை'யைப் பாதியில் நிறுத்திவிட்டால்? ஏற்கெனவே கருக்குழாய் வரை ஏறியிருந்தால்? பார்க்காத நோயாளிக்கு, தெரியாத மருந்து. பொய் என்பதோடு, அது மட்டமான வைத்தியமும்கூட.

இரண்டு, நீங்கள் அவருக்கு மட்டும் டாக்டர் இல்லை. 2002-ல் வந்த மருத்துவர் நடத்தை விதிகள், நோயாளியின் ரகசியத்தைக் காப்பாற்று என்கின்றன. கூடவே, குறிப்பிட்ட ஒரு நபருக்குக் கடுமையான ஆபத்து இருந்தால் அதற்கு விதிவிலக்கும் தருகின்றன. எச்.ஐ.வி.க்கு 2017-ல் தனிச் சட்டமே வந்தது. அதிலும் வரிசை இருக்கிறது. முதலில் அவருக்கு ஆலோசனை சொல்ல வேண்டும், அவரே துணையிடம் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டார் என்று உறுதியானால், 'நான் சொல்லப்போகிறேன்' என்று அவரிடமே அறிவித்துவிட்டுத்தான் டாக்டர் சொல்லலாம். சொன்னால் ஒரு பெண்ணுக்கு அடி உதை விழும் என்ற நிலை இருந்தால் அதற்கும் தனிப் பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் கொனோரியாவுக்கு எழுதப்பட்டதில்லை. ஆனால் அந்த வரிசையில் இருக்கிற நிதானம் எல்லா நோய்க்கும் பொருந்தும்.

மூன்றாவது காரணத்துக்கு ஒரு புதுச் செய்தி உதவும். வஜைனோசிஸுக்குக் கணவனுக்கு மருந்து வேண்டியதில்லை என்றுதான் பல வருஷமாகப் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. 2025-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. துணைவருக்கும் மாத்திரையும் களிம்பும் கொடுத்தபோது அது 35 சதவீதமாகக் குறைந்தது. எந்தத் துரோகமும் இல்லாத வீட்டிலேயே, இரண்டு பேரும் சேர்ந்து மருந்து எடுத்தால்தான் நன்றாகக் குணமாகிறது! இருவரும் தெரிந்து செய்யாமல் இது நடக்குமா?

ஆகவே அந்த ஆளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நான் நீதிபதி இல்லை தம்பி. நீங்க எங்க போனீங்கன்னு எனக்கு வேணாம். ஆனா அவங்களும் என் பேஷண்ட். நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க. நீங்களே சொல்லுங்க. சொல்ல பயமா இருந்தா, என் முன்னாடி சொல்லுங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவள் வரும்போது மாமியாரை வெளியே உட்காரவையுங்கள். கதவைச் சாத்துங்கள். பரிசோதனைக்கு ஒரு நர்ஸ் கூட இருக்கட்டும். நோயின் பெயரை அவளிடம், அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். எது நிச்சயமாகத் தெரியும், எது தெரியாது என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் அடிப்பாரா என்று கேளுங்கள். அவள் 'எனக்கு எப்படி சார் வந்துச்சு?' என்று கேட்டால், 'இது ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு வர்றதும்மா. மீதியை அவர்தான் உங்களுக்குச் சொல்லணும். இங்கேயே கேக்கணும்னா கேளுங்க, நான் இருக்கேன்' என்று சொல்லுங்கள். நோய் என்ன, மருந்து என்ன, இன்னும் யாருக்கு மருந்து வேண்டும் என்பது வரைக்கும்தான் உங்கள் வேலை. தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலை இல்லை.

'இதனால் அந்தக் குடும்பம் உடைந்தால்?' என்று கேட்பீர்கள். உடையலாம். ஒட்டவும் செய்யலாம். அது அவர்கள் இரண்டு பேரும் உண்மையைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டிய முடிவு. ஒருத்திக்கு மட்டும் தெரியாமல் நடக்கிற குடும்பத்தை நாம் மாத்திரை கொடுத்துக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் உங்கள் ஊர் ஆழ்வார் கதை ஒன்று. வைணவர்கள் வழிவழியாகச் சொல்வது. பிறந்தபோதே பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போக, பிரம்பு வெட்டுகிறவர் எடுத்து வளர்த்த பிள்ளை திருமழிசையாழ்வார். ஒருநாள் பெரும்புலியூரில் ஒரு திண்ணையில் உட்கார்ந்தார். அங்கே வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள், 'இவர் காதில் விழக்கூடாது' என்று சட்டென்று நிறுத்திவிட்டார்கள். ஆழ்வாருக்குப் புரிந்தது. எழுந்துவிட்டார். திரும்ப ஓத ஆரம்பித்தவர்களுக்கு, விட்ட இடம் மறந்துபோயிற்று! ஆழ்வார் ஒன்றும் பேசவில்லை. ஒரு கறுப்பு நெல்லை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். விட்ட வரி அந்த நெல்லைப் பற்றியது. அவர்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

எதிரே உட்கார்ந்திருப்பவர் யார், எப்படிப்பட்டவர் என்று எடைபோட ஆரம்பித்த நிமிஷத்தில், அவர்களுக்குத் தங்கள் பாடமே மறந்துவிட்டது. 'ராத்திரி எட்டரை மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வருகிறவர்' என்று முகம் சுளிக்கிற டாக்டருக்கும், அந்தச் சின்னப் பெண்ணை மேலும் கீழும் பார்க்கிற மெடிக்கல் ஷாப்காரருக்கும், வாசலில் நிற்கிற மாமியாருக்கும் நடப்பது அதுதான்.

இப்போது நாற்காலியை விட்டு எழுந்துவிடலாம். நீங்கள் டாக்டர் இல்லை. ஆனால் என்றைக்காவது ஒருநாள் ஒரு தங்கையோ, நண்பரோ, கூட வேலை செய்கிறவரோ தயங்கித் தயங்கி உங்களிடம் இதைச் சொல்ல வரலாம். அப்போது வாயில் வருகிற முதல் கேள்வியைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். "டாக்டர்கிட்ட போயிட்டு வரலாமா? நானும் வர்றேன்" என்று கேளுங்கள்.